காரைக்குடிப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? மறைக்கல்வியில் சேர்வதற்கு ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, வேலை மாற்றலாகி திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு வந்தோம். அது ஆகஸ்ட் மாதம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்குப் பதினான்கு, கூடவே என் மாமியார். வீடு பார்ப்பது, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு என்று அலைந்ததில் கோயில் காரியத்தைத் தள்ளிப்போட்டுவிட்டோம். ஞாயிறு பூசைக்குத்தான் போகிறோமே, மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அக்டோபரில் போய்க் கேட்டபோது, புதுநன்மை (பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது) வகுப்பு ஜூனிலேயே தொடங்கிவிட்டது என்றார்கள். எங்களிடம் இருந்த ஞானஸ்நானச் சான்றிதழிலும் ஒரு தவறு. அடுத்த மே மாதம், மகள் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் மெழுகுதிரி ஏந்திப் பவனி போனார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எப்பம்மா?" என்று ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் வரக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றித்தான், அங்கே விசுவாசத்தைக் கற்றுத்தரும் மறைக்கல்வியைப் பற்றித்தான் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்கு ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு என்று முறை வேறு. ஆனால் முந்தைய சபையிலிருந்து கடிதம் வாங்கி வருவது, சான்றிதழைச் சரிபார்ப்பது போன்றவை அவர்களுக்கும் உதவும்.

1. உங்கள் பங்கு எது என்று உறுதி செய்யுங்கள்

பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் (குருவின்) பொறுப்பில் இருக்கும் பகுதி. பக்கத்தில் இருக்கிற கோயில்தான் உங்கள் பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. பூசைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். திருவருட்சாதனங்களுக்கும் (ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம் போன்றவை) சான்றிதழ்களுக்கும் உங்கள் பங்கில்தான் பதிவு வேண்டும்.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின் கீழ் வரும் பங்குகள்). ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்கள் செட்டிநாடுதான் என்றாலும் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே மறைமாவட்டம் மாறிவிடும். வேலை காரைக்குடியில், வீடு அந்தப் பக்கம் என்றால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் குடியிருந்தால் உங்கள் ஊர்க் கோயில் பெரும்பாலும் கிளைப்பங்காக, அதாவது வேறொரு பங்கின் கீழ் வரும் சிறு கோயிலாக இருக்கும். அங்கே எல்லா ஞாயிறும் பூசை இருக்காது, அலுவலகமும் கிடையாது. அங்கே கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரையோ கோயில் பிள்ளையையோ பிடித்தால் போதும். எந்த ஞாயிறு பூசை, வகுப்பு எங்கே நடக்கிறது என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. பங்குத்தந்தையைப் பார்க்கும் முன் அன்பியப் பொறுப்பாளரைப் பாருங்கள்

இதைத்தான் நாங்கள் செய்யத் தவறினோம். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சாமியை (பங்குத்தந்தையை) சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருவர் வீடு மந்திரிக்க (ஆசீர்வதிக்க) கூப்பிடுவார், ஒருவர் கையெழுத்துக்கு நிற்பார், இன்னொருவர் இறந்தவருக்குப் பூசை எழுதக் காத்திருப்பார். அந்தக் கூட்டத்தில் நின்று, "நாங்க புதுசா வந்திருக்கோம் ஃபாதர்" என்று சொன்னோம். "சந்தோஷம், அலுவலகத்துல பதிஞ்சிடுங்க" என்றார். அலுவலகம் அன்று பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

பங்கு முழுவதும் தெருவாரியாக அன்பியங்களாகப் பிரிந்திருக்கும். உங்கள் தெரு எந்த அன்பியம், பொறுப்பாளர் யார் என்று கோயில் வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அன்பியப் பொறுப்பாளர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் சொல்லி அனுப்பிய அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். முகப்பில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த நோட்டில் எல்லாருடைய பெயரையும், யார் யாருக்கு என்னென்ன அருட்சாதனம் ஆகியிருக்கிறது என்பதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, "பாப்பாவுக்கு இன்னும் புதுநன்மை கொடுக்கலையா? அப்ப முதல்ல அந்தப் பேப்பர எடுங்க" என்றார். இரண்டு மாதமாக எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

பதிவுக்கு வேண்டியவை:

- முந்தைய பங்குத்தந்தையின் கடிதம். குடும்பத்தில் யார் யார், பங்குச் சந்தா எதுவரை கட்டியிருக்கிறீர்கள், மறைக்கல்வியில் பிள்ளை எந்த வகுப்பு முடித்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு போனில் கேட்டு வாங்குவது பெரிய பாடு.
- உங்கள் திருமணச் சான்றிதழ் (கோயிலில் கொடுத்தது) நகல்.
- எல்லாருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் நகல்.
- முகவரிக்கு ஆதார் அல்லது வாடகை ஒப்பந்தம்.
- குடும்பப் புகைப்படம் ஒன்று. சில பங்குகளில் குடும்ப அட்டைக்குக் கேட்பார்கள்.

செலவு என்றால் பங்குச் சந்தா மட்டும்தான். தொகை பங்குக்குப் பங்கு மாறும். பழைய சந்தா பாக்கி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாக்கிக்காகப் பிள்ளையை வகுப்பில் சேர்க்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை. பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டுப் பதிவுக்கே போகாமல் இருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

கோயிலில் திருமணம் ஆகாத தம்பதியருக்கும் ஒரு வார்த்தை. பதிவு அலுவலகத்திலோ வேறு முறையிலோ திருமணம் முடித்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லுங்கள். திருச்சபை முறைப்படி சரிசெய்ய வழி இருக்கிறது. அதற்குப் பயந்து பிள்ளையின் மறைக்கல்வியை நிறுத்திவிட வேண்டாம்.

3. ஞானஸ்நானச் சான்றிதழ்: பாதி அலைச்சல் இங்கேதான்

புதுநன்மை, உறுதிபூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருட்சாதனம்), திருமணம், குருமடம் (குருக்களுக்கான பயிற்சி இடம்) என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஞானஸ்நானம் நடந்த பங்கில் இருக்கும் பதிவேடுதான் மூலம். மற்ற எல்லாமே அதன் நகல். உறுதிபூசுதல் ஆனாலும் திருமணம் ஆனாலும் அந்தத் தகவல் திரும்ப அந்தப் பதிவேட்டுக்குப் போய், பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். அதனால்தான் திருமணத்துக்குப் பழைய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய நகல் கேட்பார்கள்.

வாங்கியதும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் துணை நிற்பவர்கள்) பெயர், பதிவு எண், முத்திரை எல்லாம் சரியா?

எங்கள் கதை இதுதான். மகளின் சான்றிதழில் தாய் பெயர் என்ற இடத்தில் என் அக்காவின் பெயர் இருந்தது. அக்காதான் அவளுக்கு ஞானத்தாய். பதிவேட்டைப் பார்த்து எழுதியவர் ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டார். ஒன்பது வருடமாக அது எங்கள் பீரோவில்தான் இருந்தது, நாங்கள் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. "பெயர் திருத்த வேண்டும்" என்று நாங்கள் விண்ணப்பம் எழுதி அனுப்பியதால், அவர்கள் பதிவேட்டையே திருத்தச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஏழு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் என் கணவரே நேரில் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொன்னார். அந்த வரியில் விரல் வைத்துப் படித்தால், என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சரியாகவே இருக்கிறது! பத்து நிமிடத்தில் புதிய நகல் கைக்கு வந்துவிட்டது.

அதனால் தவறு கண்ணில் பட்டால் முதலில் போனில் கேளுங்கள்: பதிவேட்டில் என்ன இருக்கிறது? பதிவேடு சரியாக இருந்தால் புதிய நகல் போதும். பதிவேட்டிலேயே தவறு என்றால்தான் பிறப்புச் சான்றிதழோடு எழுத்து மூலமான விண்ணப்பம் வேண்டும். சில திருத்தங்களுக்கு ஆயர் இல்லத்தின் அனுமதியும் தேவைப்படும். அதற்கு இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். அடித்துத் திருத்திய சான்றிதழ் செல்லாது.

இன்னும் சில:

- ஞானஸ்நானத் தேதி மறந்துவிட்டதா? அன்று எடுத்த புகைப்படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஞானப்பெற்றோரைக் கேளுங்கள். வருடமும் மாதமும் தெரிந்தால்கூடப் பதிவேட்டில் தேடிவிடலாம்.
- உங்கள் சொந்த ஊர் முன்பு கிளைப்பங்காக இருந்து இப்போது தனிப்பங்கு ஆகியிருந்தால், பழைய பதிவேடு தாய்ப்பங்கில்தான் இருக்கும். புதுப் பங்கில் "இல்லை" என்று சொன்னால் பதற வேண்டாம்.
- சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் இந்தப் பக்கம் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்களின் பழைய சான்றிதழில் மதுரை என்று இருந்தால் அது தவறில்லை.
- கோயில் பெயர் ஒன்று, ஆதார் பெயர் ஒன்று என்று இருப்பது நம் வீடுகளில் சகஜம். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் பொருந்தினால் புதுநன்மைக்கு யாரும் தடை சொல்வதில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது பிற்காலத்துக்கு நல்லது.

நகலுக்குக் கட்டணம் பெரிதாக இல்லை. எங்களுக்கு 100 ரூபாயும் ஸ்பீட் போஸ்ட் செலவும்தான். தகவல்களை எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை வேகமாக நடக்கும். போனில் பெயர் சொல்லும்போது எழுத்துப் பிழை வந்துவிடுகிறது.

4. புதுநன்மை வகுப்பு: ஜூனைத் தவறவிடாதீர்கள்

மறைக்கல்வி ஆண்டு பள்ளி ஆண்டோடு சேர்ந்துதான் ஓடுகிறது. ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை. எங்கள் பங்கில் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் நடக்கிறது. வகுப்புவாரியாகப் புத்தகம், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு எல்லாம் உண்டு. புத்தகம் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

புத்தி விவரம் தெரியும் வயது என்று திருச்சபைச் சட்டம் ஏழு வயதைச் சொல்கிறது. ஆனால் பங்குகளில் மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் புதுநன்மைக்குத் தயாரிக்கிறார்கள். சில பங்குகளில் இரண்டு வருடம் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். முந்தைய பங்கில் ஒரு வருடம் படித்திருந்தால் அதை எழுதி வாங்கி வந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வாயால் சொன்னால் போதாது. முந்தைய பங்குத்தந்தையின் கடிதத்தில் இதையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வருகைப்பதிவு முக்கியம். செட்டிநாட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம். கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் வருகை குறைந்து, ஏப்ரலில் டீச்சரிடம் போய் நிற்க வேண்டிவரும். போகத்தான் வேண்டும் என்றால் முதல் நாளே டீச்சருக்குச் சொல்லிவிடுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் யாரும் சம்பளத்துக்கு வருவதில்லை. வாரம் முழுக்கப் பள்ளியில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் நம் பிள்ளைகளுக்காக வருகிறவர்கள்.

வீட்டில் செபம் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். என் மாமியார் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டே கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது "உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக." வகுப்பில் சொல்லித் தருவது "உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக." வாய்மொழித் தேர்வில் மகள் பாதி பழசும் பாதி புதுசுமாகச் சொல்லி, நடுவில் நின்று அழுதுவிட்டாள். டீச்சர் நல்லவர். "பாட்டி சொல்லிக்கொடுத்ததா? அதுவும் அதே செபந்தான், முழுசாச் சொல்லு கேப்போம்" என்று சொல்லி, பழைய வடிவத்தை முழுதாகச் சொல்லவைத்துக் கேட்டார். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வகுப்புப் புத்தகத்தில் உள்ள செபங்களை முதல் வாரமே அவர்களுக்கும் படித்துக் காட்டிவிடுங்கள். பாட்டியின் செபத்தை நிறுத்திவிடாதீர்கள், அது இரவுச் செபத்துக்கு இருக்கட்டும்.

புதுநன்மைக்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம் (சாமியிடம் பாவங்களை அறிக்கையிடுவது). இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். மனத்துயர் செபம் மறந்துவிடுமோ என்ற பயம்தான். ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று சாமியிடமே கேளுங்கள். எங்களுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

உடைச் செலவில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் தைத்த கவுன், தலைக்கிரீடம், கையுறை, மண்டபம், பிரியாணி என்று போனால் ஒரு சின்னக் கல்யாணச் செலவு ஆகிவிடும். எங்கள் பங்கில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளை உடை என்று முடிவு செய்தார்கள். துணி எடுத்து உள்ளூர் தையல்காரரிடம் தைத்தோம், மெழுகுதிரியோடு சேர்த்து 1,200 ரூபாய் ஆனது. உங்கள் பங்கில் அப்படி முடிவு இல்லை என்றால் ஜனவரியிலேயே பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள். வசதி இல்லாத பிள்ளை அந்த நாளில் தலை குனியக் கூடாது.

5. உறுதிபூசுதல், இளையோர்

உறுதிபூசுதலை வழக்கமாக ஆயர் கொடுப்பார். அவர் வருகிற தேதியைப் பொறுத்துத்தான் எல்லாம். சிறிய பங்குகளில் எல்லா வருடமும் நடக்காது. அடுத்து எப்போது என்று வந்த முதல் மாதமே கேட்டு வையுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழும், புதுநன்மை வாங்கியதற்கான சான்றும் வேண்டும். ஞானப்பெற்றோராக நிற்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், அவரும் உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். தாயோ தந்தையோ நிற்க முடியாது. நெருங்கிய நண்பர் வேறு சபையாராக இருந்தால் கடைசி நேரத்தில் ஏமாற்றம் வரும்.

பெரிய பிள்ளைகளுக்கு உண்மையான போட்டி ஞாயிறு காலை டியூஷன்தான். பத்தாம் வகுப்பு வந்தால் பிள்ளை கோயிலில் இருந்து காணாமல் போய்விடுகிறது. நாங்கள் டியூஷன் சாரிடம் பேசி நேரத்தைப் பத்தரைக்கு மாற்றிக் கேட்டோம். நாங்கள் கேட்ட பிறகுதான் அந்த பேட்சில் இன்னும் நான்கு கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பதே தெரிந்தது. அவரும் மாற்றிக்கொடுத்தார். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மகனை வகுப்பைவிட அதிகம் பிடித்து இழுத்தது பூசையில் சாமிக்கு உதவும் பீடச்சிறுவர் பணியும் ஓரியூர்ப் பயணமும்தான். 1693 பிப்ரவரி 4-ல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட ஊர் அது. தேவகோட்டை வழியாகப் போகலாம். பங்கிலிருந்து வேன் போட்டார்கள், ஆளுக்கு 250 ரூபாய். அங்கே சிவந்த மணலைக் கையில் அள்ளிவைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றான். திரும்பி வரும்போது வேனில் அவன் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. பிப்ரவரி 4 திருவிழா அன்று கூட்டம் அதிகமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு போனால் வேறு நாள் நல்லது.

6. பெரியவர்கள் புதிதாகச் சேர விரும்பினால்

ஞானஸ்நானம் பெறாதவர் தாமாக விரும்பி வந்தால் அவருக்குத் தனித் தயாரிப்பு உண்டு. ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் பதிவு செய்யும் சடங்கு, பாஸ்கா திருவிழிப்பு இரவில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு) ஞானஸ்நானம். 2027-ல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28-ல் வருகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டு அதற்கு முந்தைய கோடையிலேயே பங்குத்தந்தையிடம் பேசியிருக்க வேண்டும்.

சி.எஸ்.ஐ. போன்ற சபையிலிருந்து வருபவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அந்தச் சபையின் சான்றிதழ் வேண்டும். தயாரிப்புக்குப் பிறகு விசுவாச அறிக்கை செய்து ஏற்றுக்கொள்ளப்படுவார்.

நம்மைப் போல ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அன்பியக் கூட்டம்தான் வகுப்பு. மாதம் ஒருமுறையோ இருமுறையோ மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து, மனதில் பட்ட வார்த்தையைச் சொல்லி, அமைதியாக இருந்து, பகிர்ந்து, செபித்து முடிப்பார்கள். உங்கள் வீட்டில் நடக்கும்போது சுண்டலும் டீயும் போதும். அதற்கு மேல் செய்யாதீர்கள், அடுத்த வீட்டுக்காரருக்குச் சங்கடம். பேச வராது என்று ஒதுங்கவும் வேண்டாம். நான் முதல் ஆறு மாதம் வாசகத்தை மட்டும்தான் வாசித்தேன்.

7. வீட்டில் முடங்கியிருக்கும் பெரியவர்கள்

மாமியாருக்கு முழங்கால் வலி வந்து கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவார்கள் என்பது தெரியாமல் ஐந்து மாதம் அவர் தொலைக்காட்சிப் பூசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காகிதமும் வேண்டாம், செலவும் இல்லை. அன்பியப் பொறுப்பாளரிடம் பெயரும் வீட்டு எண்ணும் சொன்னால் நோயாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுவார். எங்கள் பங்கில் முதல் வெள்ளிக்கிழமை காலை வருகிறார்கள்.

முதல் நாள் இரவே ஒரு சிறிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சிலுவை, ஒரு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் முன்னதாகவே சொல்லி அனுப்புங்கள். நற்கருணைப் பணியாளர் மட்டும் வந்தால் அதைக் கேட்க முடியாது, சாமிதான் வர வேண்டும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வாசலுக்கும் பெரியவர் படுத்திருக்கும் அறைக்கும் நடுவே நான்கு கட்டு இருக்கும், கூப்பிட்டாலும் கேட்காது. ஆறு மணிக்கெல்லாம் யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.